தலைவாரும் பெண்ணா, புகையில் கண்சுருக்கும் பெண்ணா: ஒரே ஒரு ஜப்பானிய அச்சுப்படம் வாங்குவதென்றால்

போன வருடம் மே மாதம் அக்கா பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். கும்பகோணத்து வீட்டின் பின்னறையைத் தனக்கென்று ஒழித்துக்கொண்டு, ஒரு நாற்காலி, ஒரு புத்தக அலமாரி என்று போட்டுவிட்டு எனக்குப் போன் செய்தார். "டேய், நீ இருக்கற ஊர்ல மரக்கட்டையில செதுக்கி அச்சடிப்பாங்களே, பொம்பளைங்க தலை வாரிக்கிட்டு, கண்ணாடி பார்த்துக்கிட்டு இருக்கற படம்... அதுல ஒண்ணே ஒண்ணு வேணும். கையால அடிச்சதா இருக்கணும். எழுபதாயிரம் வரைக்கும் நானே அனுப்பறேன்."

நான் டோக்கியோவில் நிஷிகசாயில் ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறேன். சனிக்கிழமைகளில் ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைத் தெருவில் இந்த அச்சுப்படங்களைப் புரட்டிக்கொண்டிருப்பது என் பழக்கம். ஆனால் அடுத்தவர் பணத்தில், அதுவும் அக்காவின் பணத்தில், ஒன்றே ஒன்று என்று தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோதுதான் உண்மையிலேயே யோசித்தேன். நாலு மாதம் பிடித்தது. அந்த யோசனையை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் பெயர். பிஜின் என்றால் அழகி, கா என்றால் படம். பிஜின்-கா என்றதும் அலங்காரம் செய்துகொண்டு நிற்கும் பெண் என்று தோன்றும். இந்த வகையின் சிறந்த படங்களில் பெரும்பங்கு அப்படி இல்லை. கழுத்துக்குப் பவுடர் பூசுகிறாள், குளித்துவிட்டு வருகிறாள், கால் நகம் வெட்டுகிறாள், கொட்டாவி விடுகிறாள். யாரும் பார்க்காதபோது ஒரு பெண் எப்படி இருப்பாளோ அப்படி. அக்கா கேட்டது இந்த வகையைத்தான்.

அக்காவின் இன்னொரு கேள்விக்கும் முதலிலேயே பதில் சொல்லிவிட வேண்டும்: "ஒரிஜினலா, காப்பியா?" இந்தக் கலையில் அந்தக் கேள்வி அவ்வளவு எளிதல்ல. ஓவியர் மெல்லிய தாளில் வரைந்து தருவார். அந்தத் தாளைக் காட்டுச் செர்ரி மரப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோட்டைச் சுற்றி மரத்தைச் செதுக்கி எடுப்பார்கள். செதுக்கி முடிக்கும்போது ஓவியர் வரைந்த தாள் அழிந்துபோயிருக்கும். அப்புறம் நிறத்துக்கு ஒரு பலகை என்று செதுக்கி, மல்பெரி இனத்துச் செடியின் நாரில் செய்த தாளை ஒவ்வொரு பலகை மீதும் வைத்து, மூங்கில் மடல் சுற்றிய பாரென் என்ற வட்டத் தட்டால் தேய்த்து எடுப்பார்கள். தாள் நகராமல் உட்கார, பலகையின் ஓரத்திலேயே கென்டோ என்ற சின்ன வெட்டு இருக்கும். பணம் போட்டு எல்லோரையும் வேலை வாங்குபவர் பதிப்பாளர். ஓவியர், செதுக்குபவர், அச்சடிப்பவர், பதிப்பாளர் என்று நாலு பேர் வேலை. இதில் 'அசல் ஓவியம்' என்று ஒன்று கிடையாது. எந்தப் பலகையிலிருந்து, எப்போது, எத்தனையாவது தாளாக எடுத்தது என்பதுதான் கேள்வி.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் நெற்றியில் முடி தொடங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். அந்த வேலைக்குக் கெவாரி என்று தனிப் பெயரே உண்டு. ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் இரண்டு மூன்று முடி. ஒவ்வொரு முடியும் சுற்றியுள்ள மரத்தை எடுத்துவிட்டு நிறுத்திய ஒரு வரப்பு. பட்டறையில் மூத்த கைதான் தலையையும் முடியையும் செதுக்கும். கற்றுக்கொள்பவர்களுக்குத் துணியும் பின்னணியும். நூற்றுக்கணக்கில் அடிக்க அடிக்க அந்த வரப்புகள் தேயும், முனை உடையும், முடி தடித்துப்போகும். முதலில் எடுத்த தாளுக்கு ஏன் அவ்வளவு விலை என்று விளங்க, ஒரே படத்தின் இரண்டு தாள்களை அருகருகே வைத்து அந்த இடத்தை மட்டும் பார்த்தால் போதும்.

உட்டமாரோவின் பக்கம்

எல்லோருக்கும் முதலில் தெரியவரும் பெயர் கிதாகாவா உட்டமாரோ. அவருக்கு முன்னாலேயே பலர் இருந்தார்கள். 1765-இல் சுசுகி ஹருனோபு காலத்தில், பணக்கார ரசிகர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொண்ட நாட்காட்டிப் படங்கள் வழியாகத்தான் பல நிற அச்சு வந்தது. ஜரிகைப் பட்டுபோல இருக்கிறது என்று அதற்கு நிஷிகி-எ என்று பெயர் வைத்தார்கள். டோரீ கியோனாகா பொதுக் குளியலறைப் பெண்களை வரைந்தார். அதில் ஒரு படத்தைப் பிரெஞ்சு ஓவியர் டெகா வாங்கி வைத்திருந்தார். ஆனால் ஒரு பெண்ணின் முகத்தையே தாள் நிறைய வரைந்து, பின்னணியில் அப்ரகப் பொடி (மைக்கா) தூவி, 'இவள் இப்போது என்ன நினைக்கிறாள்' என்று நம்மைக் கேட்க வைத்தவர் உட்டமாரோ. 1790-களின் தொடக்கத்தில் பதிப்பாளர் சுட்டாயா ஜூசாபுரோவோடு சேர்ந்து அவர் செய்தவை அப்படிப்பட்டவை.

அக்காவுக்கு நான் முதலில் அனுப்பிய படம், சுமார் 1794-இல் வந்த பன்னிரண்டு படத் தொடரில் ஒன்று. எடோ (இன்றைய டோக்கியோ) நகரின் யோஷிவாரா விலைமாதர் பேட்டையில் ஒரு நாள் முழுவதும் நேரத்துக்கு ஒரு படம். பழைய ஜப்பானியக் கணக்கில் நாளுக்குப் பன்னிரண்டு நேரம். எருதின் நேரம் என்றால் நள்ளிரவு ஒன்றிலிருந்து மூன்று வரை. அந்தப் படத்தில் ஒரு பெண் தூக்கம் கலையாமல் எழுந்து நிற்கிறாள். ஒரு கையில் எரியும் காகிதத் திரி, இன்னொரு கையில் மடித்த தாள்கள். கால் மட்டும் செருப்பைத் துழாவுகிறது. கழிவறைக்குப் போகிறாள், அவ்வளவுதான். அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கண் பார்க்கவில்லை, கால் பார்க்கிறது.

இந்தப் படத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தப் பெண் அங்கே விருப்பப்பட்டு வந்தவள் அல்ல. சிறுமியாக இருந்தபோதே குடும்பத்தார் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக வந்து, வருடக்கணக்கில் கடனைக் கழித்தவர்கள் யோஷிவாராப் பெண்கள். சுட்டாயா தொழில் தொடங்கியதே அந்தப் பேட்டையின் வாசலருகே, அங்கிருந்த பெண்களின் வழிகாட்டிப் புத்தகம் விற்று. ஆகவே இந்த 'யாரும் பார்க்காத நேரம்' என்பதே ஒரு வகையில் விற்பனைச் சரக்கு. அக்கா இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப அவளுக்குன்னு அந்த நேரம்கூட இல்லைன்னு சொல்லு" என்றார். என் கருத்து வேறு. உட்டமாரோ அந்தக் களைப்பைப் பார்த்திருக்கிறார், மழுப்பவில்லை. ஆனாலும் அக்கா சொன்னது சரி என்பதால் அதற்கு மேல் வாதாடவில்லை.

விலைக்கு வருவோம். அந்தக் காலத்திலேயே நன்றாக அடித்து, நல்ல நிலையில் இருக்கும் உட்டமாரோ தாள் நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை. 'ஆழத்தில் மறைத்த காதல்' என்ற அவருடைய படத்தின் ஒரு தாள் 2016-இல் பாரிஸ் ஏலத்தில் 7 லட்சம் யூரோவுக்கு மேல் போனது. சாதாரணத் தாள்கள் அதற்கு வெகு கீழே கிடைக்கும். ஆனால் எழுபதாயிரம் ரூபாய்க்குள் கிடைப்பது பெரும்பாலும் மங்கியது, ஓரம் வெட்டியது, பூச்சி அரித்து ஒட்டுப்போட்டது. மங்கியது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அன்றைய சிவப்பு குசும்பப்பூவிலிருந்து, நீலம் ஒரு காட்டுப்பூவின் சாற்றிலிருந்து. இரண்டும் வெளிச்சத்துக்குத் தாங்காது. இன்று உட்டமாரோ என்றதும் மனதில் வரும் பழுப்பு கலந்த அமைதியான நிறம் அவர் கொடுத்தது அல்ல, காலம் கொடுத்தது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு 1921-இல் ஸ்பால்டிங் சகோதரர்கள் சுமார் 6,500 தாள்களை அளித்தபோது, அவற்றைக் காட்சிக்கு வைக்கவே கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். அதனால் அங்கே ஊதாவும் ரோஜா நிறமும் இன்னும் அன்று அடித்ததுபோல இருக்கின்றன.

இதனால்தான் உட்டமாரோவை மறுபதிப்பில் வாங்குவது நேர்மையான தேர்வு என்று நினைக்கிறேன். டோக்கியோவில் அடாச்சி நிறுவனம் 1928 முதல் இதைச் செய்துவருகிறது. புதிதாகப் பலகை செதுக்கி, கையால் தேய்த்து, நார்த்தாளில்தான் அடிக்கிறார்கள். கண்ணாடியால் செய்த ஊதியை வாயில் வைத்து ஊதும், கட்டம்போட்ட உடை உடுத்திய உட்டமாரோவின் பெண்ணை அப்படி வாங்கலாம். நம் ஊரில் ஒரு நல்ல பட்டுப்புடவை விலைகூட ஆகாது. முதல் நாள் நிறம் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு மங்கிய பழைய தாளைவிட இது பக்கத்தில் வரும். பழசு என்ற சுகம் இருக்காது, திரும்ப விற்றால் பெரிய பணம் வராது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. செதுக்கும் கை இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு நாம் கொடுக்கும் கூலி அது.

தலைவாரும் பெண்கள்: கோயோ, ஷின்சுயி, கோட்டோண்டோ

அக்கா மனதில் வைத்துக் கேட்டது உண்மையில் உட்டமாரோவை அல்ல என்று பிறகுதான் புரிந்தது. அவர் எங்கோ பார்த்த படம் ஹஷிகுச்சி கோயோவினுடையது. 1920-இல் வந்த 'தலைவாருதல்'. நீண்ட கறுப்புக் கூந்தலை முழுவதும் ஒரு பக்கமாக இறக்கிவிட்டு, இரண்டு கையும் கூந்தலில் இருக்க, சீப்பு பாதியில் நிற்கிறது. பின்னணி முழுக்க மினுமினுக்கும் அப்ரகம். கண் நம்மைப் பார்க்கவில்லை. எதையும் பார்க்கவில்லை. தலை வாரும்போது நமக்கெல்லாம் வரும் அந்தப் பார்வைதான்.

ஒரு கடையில் இந்தப் படத்தின் கோயோ காலத்துத் தாளைச் சட்டமில்லாமல் காட்டினார்கள். கையில் தரவில்லை; மேசையில் வைத்துப் பக்கத்து விளக்கை மட்டும் சாய்த்தார் கடைக்காரப் பெரியவர். நேராகப் பார்த்தபோது கறுப்பாகத் தெரிந்த கூந்தல், சாய்ந்த வெளிச்சத்தில் இழை இழையாகப் பிரிந்தது. அப்ரகம் வெளுத்து, மறுபடி சாம்பலானது. தாளிலேயே அழுத்தம் தெரிந்தது. இது புகைப்படத்தில் வராது, திரையில் வராது. மரக்கட்டை அச்சை ஏன் கையால் அடித்ததாகவே வாங்க வேண்டும் என்பதற்கு அந்த அரை நிமிடம் போதும்.

கோயோவின் கதை வருத்தமானது. எண்ணெய் ஓவியம் படித்தவர். நாவலாசிரியர் நட்சுமே சோசெகியின் புத்தகங்களுக்கு அட்டை வடிவமைத்தவர். 1915-இல் பதிப்பாளர் வட்டனாபே ஷோசாபுரோவுக்காகக் குளியல் பெண் ஒருத்தியை வரைந்து கொடுத்தார். அச்சின் தரம் மனதுக்கு ஒப்பவில்லை. பிரிந்துபோய், தானே செதுக்குபவர்களையும் அச்சடிப்பவர்களையும் வைத்துத் தானே மேற்பார்த்தார். 1921-இல் நாற்பது வயதிலேயே இறந்துபோனார். அவர் உயிரோடு இருந்தபோது முடித்தவை பதினைந்துகூட இல்லை. மீதி அவர் வரைந்து வைத்ததிலிருந்து குடும்பத்தார் பின்னாளில் வெளியிட்டவை. அந்த வித்தியாசம் விலையில் பல மடங்கு. அவர் காலத்துத் 'தலைவாருதல்' தாள் வேண்டுமென்றால் நம் ஊரில் ஒரு சின்னக் கார் வாங்கும் பணம் வேண்டும். பின்னாள் பதிப்புகளும் மறு செதுக்கல்களும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆனால் கோயோ விஷயத்தில் நான் அவற்றை வாங்கமாட்டேன். அச்சின் தரத்துக்காகவே பதிப்பாளரை விட்டுப் பிரிந்தவரின் படத்தை, அவர் பார்த்து ஒப்பாத தாளில் வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. உட்டமாரோ மறுபதிப்பைச் சரி என்று சொல்லிவிட்டு இதை வேண்டாம் என்பது முரணாகத் தெரியலாம். உட்டமாரோவை முதல் நாள் நிறத்தில் வீட்டில் வைத்துப் பார்க்க நமக்கு வேறு வழி கிடையாது. கோயோ பார்த்து அனுப்பிய தாள்கள் இன்னும் இருக்கின்றன, அருங்காட்சியகத்தில் போய்ப் பார்க்கலாம்.

வட்டனாபே தொடங்கிய இந்த மறுமலர்ச்சிக்கு ஷின்-ஹாங்கா என்று பெயர், புது அச்சு. அதில் நெடுநாள் நின்றவர் இட்டோ ஷின்சுயி. 1916-இல் பதினெட்டு வயதில் அவர் வரைந்த 'கண்ணாடி முன்' படத்தில் கண்ணாடியே இல்லை. ஆழ்ந்த சிவப்பு உடுத்திய பெண் எதையோ உற்றுப் பார்க்கிறாள். கண்ணாடி படத்துக்கு வெளியே இருக்கிறது. பின்னணியில் பாரென் தேய்த்த தடத்தை வேண்டுமென்றே அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். 1923 பெரும் நிலநடுக்கமும் தீயும் வட்டனாபேயின் கடையையும் பலகைகளையும் கொண்டுபோய்விட்டன. அதற்கு முந்திய தாள்கள் அரிது, விலையும் அப்படி. அதற்குப் பிந்திய ஷின்சுயி பெண்கள், புருவம் தீட்டுபவள் முதலியவர்கள், மோட்டார் பைக் விலையில் தொடங்கி மேலே போவார்கள். அழகான வேலை, குறையே சொல்ல முடியாது. எனக்கு மட்டும் 1930-களின் ஷின்சுயி பெண்கள் கொஞ்சம் அதிகமாகவே ஒழுங்காக இருப்பதுபோலத் தோன்றும். ஒரு முடிகூடத் தவறி விழாது.

டோரீ கோட்டோண்டோ அதற்கு நேர் எதிர். நூற்றாண்டுகளாகக் கபுகி நாடக அரங்குக்கு விளம்பரப் பலகை வரைந்த குடும்பத்தின் எட்டாம் தலைவர். அச்சில் வந்த அவருடைய பெண்கள் இருபது சொச்சம்தான். 1930-இல் 'காலைக் கூந்தல்' என்று ஒன்று வந்தது. இரவு கழிந்து படுக்கையில் கலைந்த முடியோடு கிடக்கும் பெண். நூறு தாள் அடிப்பதாகத் திட்டம். எழுபது விற்றதும் போலீஸ் தடுத்து, மீதி முப்பதையும் அழித்தார்கள். ஆடை விலகிய படம்கூட அல்ல அது. அந்த முகம்தான் அவர்களுக்குத் தாங்கவில்லை போலும்.

இதை அனுப்பியபோது அக்கா சொன்ன பதில்தான் என் தேடலையே திருப்பியது. "நல்லாத்தான் இருக்கு. ஆனா அவ பாட்டுக்குத் தூங்கி எழுந்து கிடக்கறா. அதை நாம எதுக்குடா எட்டிப் பார்க்கணும்? தினமும் என் ரூம்ல உக்காந்து நான் எட்டிப் பார்த்துக்கிட்டே இருக்கணுமா?"

எனக்கு இது தோன்றியதே இல்லை. நான் ஒன்பது வருடமாக முடியையும் அப்ரகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அந்த இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தார். பிறகு எல்லாப் படத்தையும் மறுபடி எடுத்து அந்தக் கேள்வியோடு பார்த்தேன். யார் பார்க்கிறார்கள்? எங்கே நின்று? சிலவற்றில் நாம் கதவிடுக்கில் நிற்கிறோம். சிலவற்றில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம், தங்கை மாதிரி. அமெரிக்காவில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த மேரி கசாட் 1890-இல் அங்கே நடந்த ஜப்பானிய அச்சுக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டுக்குள் பத்து வண்ண அச்சுகள் செய்தார்: முகம் கழுவும் பெண், கடித உறையை நாக்கால் ஈரப்படுத்தும் பெண், குழந்தையைக் குளிப்பாட்டும் பெண். உட்டமாரோவிடம் கற்றுக்கொண்டு, நிற்கும் இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டார் என்று இப்போது தோன்றுகிறது.

யோஷிதோஷியின் முப்பத்திரண்டு

அப்படித்தான் த்சுகியோக்கா யோஷிதோஷியிடம் வந்து சேர்ந்தோம். 1888-இல் வந்த அவருடைய தொடரில் முப்பத்திரண்டு பெண்கள். ஏன் முப்பத்திரண்டு? புத்தருடைய உடலில் இருப்பதாகச் சொல்லும் முப்பத்திரண்டு மகாபுருஷ லட்சணங்களை வைத்துச் செய்த சொல் விளையாட்டு அது. நமக்கு விளக்கமே வேண்டாம். "முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்தியவ" என்று நாமே சொல்வோம். ஆனால் அவர் அடுக்கும் லட்சணங்களைப் பாருங்கள். அரிக்கிறாற்போல். தூக்கம் வருகிறாற்போல். குளிருகிறாற்போல். வலிக்கிறாற்போல். ஜப்பானியத்தில் ஒரு சொல்லின் கடைசியில் 'சோ' என்று சேர்த்தால் 'அப்படித் தோன்றுகிறது' என்று பொருள். ஒவ்வொரு தலைப்பும் அப்படி முடிகிறது. அவள் எப்படி இருக்கிறாள் என்பதல்ல, அவளுக்கு எப்படி இருக்கிறது என்பதுதான் தலைப்பு.

'அரிக்கிறாற்போல்' படத்தில் 1850 வாக்கில் வாழ்ந்த ஒரு வைப்பாட்டி, முடி கலைந்து, கொசுவலையிலிருந்து பாதி வெளியே வந்திருக்கிறாள். வலையின் இழைகளை நூல் நூலாகச் செதுக்கியிருக்கிறார்கள். வலைக்குப் பின்னால் இருப்பது மங்கலாகவும் முன்னால் இருப்பது தெளிவாகவும் தெரிகிறது. 'வலிக்கிறாற்போல்' படத்தில் ஒரு விலைமாது கைத்துணியைக் கடித்துக்கொண்டு பச்சை குத்திக்கொள்கிறாள். இன்னொரு படத்தில் சின்னப் பெண் ஒருத்தி வெள்ளைப் பூனையைக் கட்டிப்பிடித்துத் தொல்லை கொடுக்கிறாள். கடைசியில் மேல்நாட்டு உடையில் குடையோடு உலாவப் போகும் மெய்ஜி காலத்து, அதாவது படம் வந்த அதே காலத்து, மனைவி. முப்பத்திரண்டில் எல்லாமே ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். பத்து அபாரம். பத்து சுமார். மீதி பார்த்துவிட்டுப் போகலாம்.

அக்கா நின்றது 'புகைகிறாற்போல்' படத்தில். 1800-களின் தொடக்கத்தைச் சேர்ந்த ஒரு குடும்பப் பெண். தீயிலிருந்து எழும் புகை முகத்தில் அடிக்க, தலையைத் திருப்பிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கிறாள். சாம்பல் நிறப் புகை அவள் மேலேயே சுருண்டு போகிறது. போனில் சத்தமே இல்லை. பிறகு, "அம்மா இப்படித்தான்டா கண்ணைச் சுருக்குவா. ஊதுகுழலை வச்சுட்டு இந்தப் பக்கம் திரும்புவா பாரு, அதே மாதிரி" என்றார். நான் கடைக்குட்டி, வீட்டில் கேஸ் வந்தபிறகு வளர்ந்தவன். எனக்கு அந்த முகம் தெரியாது.

விலையும் ஒத்துவந்தது. யோஷிதோஷி பெரிய பெயர்தான், ஆனால் இந்தத் தொடரின் அன்றைய தாள்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. நல்ல நிலையில் உள்ளதை ஒரு நல்ல கைபேசி விலைக்குள் வாங்க முடிகிறது. 130 வருடத்துக்கும் முந்தியது, ஓவியர் உயிரோடு இருந்தபோதே அடித்தது, பழைய பட்டறைகளின் திறமை உச்சத்தில் இருந்த காலம். இதே பணத்துக்கு உட்டமாரோ என்றால் சிதைந்த தாள், கோயோ என்றால் பின்னாள் பதிப்பு. முதல் தடவை வாங்குபவர் யார் கேட்டாலும் இனி இதைத்தான் சொல்வேன்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

நான் ஒரு தடவை ஏமாந்தேன், அதைச் சொல்கிறேன். இதே தொடரில் வேறொரு படம் இணையத்தில் மலிவாக வந்தது. முன்பக்கப் படம் மட்டும்தான் போட்டிருந்தார்கள். வந்து சேர்ந்தபோது தாளை அட்டையில் பசைபோட்டு ஒட்டியிருந்தார்கள், ஓரமும் வெட்டியிருந்தது. பிரிக்கப் போனால் தாள் கிழியும். ஆகவே பின்பக்கப் படம் கேட்காமல் வாங்காதீர்கள். நல்ல தாளின் முதுகில் நிறம் ஊறியிருக்கும், பாரென் தேய்த்த வட்டத் தடம் தெரியும். உருப்பெருக்கியில் பார்த்தால் புள்ளி புள்ளியாக இருந்தால் அது இயந்திர அச்சு, எவ்வளவு பழைய சட்டத்தில் இருந்தாலும் சரி. வானம், திரை, உடையின் விளிம்பு போன்ற இடங்களில் நிறம் மெல்ல மெல்லக் கரைய வேண்டும்; பொக்காஷி என்பார்கள். அது பலகையில் செதுக்கியது இல்லை, அச்சடிப்பவர் ஒவ்வொரு தாளுக்கும் பலகையில் சாயத்தைக் கையால் துடைத்து உண்டாக்குவது. அவசரமாக அடித்த பின்னாள் தாளில் முதலில் காணாமல் போவது அதுதான். மெல்லிய ஒற்றை மடிப்போ ஓரத்தில் சின்னக் கறையோ இருந்தால் பயப்பட வேண்டாம். நிறம் போயிருந்தால் மட்டும் திரும்பி வராது.

வைத்துக்கொள்வதைப் பற்றி அக்காவிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னேன். கும்பகோணத்து வெயிலும் ஐப்பசி ஈரமும் இந்தத் தாளுக்கு எதிரி, ராமபாணப் பூச்சி அதைவிட. 1888-இல் செயற்கைச் சாயம் வந்துவிட்டதென்றாலும் வெளிச்சத்தில் அதுவும் மங்கும். அருங்காட்சியகங்களில் 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் காட்டமாட்டார்கள், சில வாரங்களில் இறக்கி ஓய்வு கொடுப்பார்கள். வீட்டில் அந்த அளவு முடியாது. சன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம். வெளிச்சுவர் வேண்டாம். தாள் கண்ணாடியைத் தொடாமல் நடுவில் அமிலமில்லாத அட்டைச் சட்டம் வேண்டும். பசை, செலோடேப் எதுவும் தாளில் படக் கூடாது. ஜப்பானிய வீடுகளில் வரவேற்பறை மாடத்துப் படத்தைப் பருவத்துக்குப் பருவம் மாற்றுவார்கள். அதையே செய்யச் சொன்னேன்: மூன்று மாதம் சுவரில், மீதி நாள் தட்டையாக அலமாரியில்.

பொங்கலுக்குப் போனபோது இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கைப்பையிலேயே கொண்டுபோனேன். சுருட்டவில்லை. அக்கா அதை உடனே மாட்டவில்லை. மேசையில் வைத்து, விளக்கை அணைத்துவிட்டு, சன்னலை ஒரு சாண் மட்டும் திறந்து பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். புகையின் சுருள் தாளில் மேடாக இருக்கிறதா என்று விரலை அருகில் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டார்.

இப்போது அது பின்னறையில், நாற்காலிக்கு வலப்பக்கம், உள்சுவரில் இருக்கிறது. சித்திரை பிறந்தால் இறக்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த இடத்துக்கு அந்தக் கண்ணாடி ஊதிப் பெண்ணின் மறுபதிப்பை அடாச்சியில் சொல்லி வைத்திருக்கிறேன்.